ஐஸ் மிஷினுக்கு முந்தைய நிலை

அளந்து பார்க்காத உதவி உதவியே அல்ல என்பது அரசாங்க நியதி. அளக்காமல் கொடுத்தால் அதற்குப் பேர் தர்மம். தர்மத்துக்குக் கோப்பு கிடையாது.

குருசுக்குப்பம் மீன் விற்கும் பெண்கள் சங்கத்துக்குத் திட்டத்தில் ஓர் ஐஸ் மிஷின் வந்தது. அதற்கு முன்னால் சங்கத் தலைவி ஜெயம், விற்காத மீனை மத்தியானத்திலேயே கேட்ட விலைக்குத் தள்ளிவிட்டுப் போவாள். இப்போது மறுநாளும் நிமிர்ந்து உட்கார்ந்து விலை சொன்னாள். ஒரு மீன்காரி நிமிர்ந்து உட்கார்ந்தால் ஆபீசுக்குப் பொறுக்குமா?

உப்பளம் ஆபீசிலிருந்து தாக்க மதிப்பீட்டு அலுவலர் ஜோசப் ஆனந்த் வந்தார். மிஷினால் சங்கம் எவ்வளவு வளர்ந்தது என்று அளக்க வேண்டுமாம். வந்தவர் முகம் சுண்டிப்போனது. மிஷின் வருவதற்கு முன்னால் சங்கம் எப்படி இருந்தது என்று ஒருத்தரும் அளந்து வைக்கவில்லை.

"நாறிப்போய்க் கெடந்துச்சு சார்," என்றாள் ஜெயம்.

"அது உங்க ஞாபகம்மா. ஞாபகத்த மேல ஏத்துக்க மாட்டாங்க. முந்தைய நிலைய நேர்லதான் அளக்கணும்."

முந்தைய நிலைக்கு எப்படிப் போவது? அரசாங்கத்துக்கு அது கஷ்டமே இல்லை. மறுநாள் வண்டி வந்து மிஷினைக் கழற்றிக்கொண்டு போனது. அளந்து முடித்ததும் திரும்பிவிடும் என்றார்கள்.

பத்து நாள் கழித்து அளவுக் கூட்டம். அதற்குள் கூடை கூடையாக மீன் குப்பைக்குப் போயிருந்தது. பெண்கள் உள்ளதைச் சொல்லத்தான் வந்தார்கள். ஆனால் அதே திட்டத்தில் மிஷின் வாங்கியிருந்த பக்கத்து வைத்திக்குப்பத்துச் சங்கத்துக்காரிகள் வேடிக்கை பார்க்க வாசலில் வந்து நின்றுவிட்டார்களே! அவளுங்க முன்னாடி குறை சொல்வதா? அடுப்பு எரியாவிட்டாலும் அடுத்தவள் பார்க்கும்போது ஏப்பம் விடுகிற ஜாதி நாம்.

சங்கத்துக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று அலுவலர் கேட்டார்.

"எங்க சங்கத்துக்கு என்ன சார் கொறச்சல்? பத்துக்குப் பத்து போட்டுக்குங்க," என்றாள் ஜெயம். மற்றவர்களும் தலையாட்டினார்கள். வைத்திக்குப்பத்துக்காரிகள் மூஞ்சி தொங்கிப்போனதில் அன்று எல்லோருக்கும் பரம சந்தோஷம்.

மிஷின் திரும்பவில்லை. ஜெயம் உப்பளம் ஆபீசுக்கு நடையாய் நடந்தாள்.

"மிஷின் இல்லாமலே பத்து வாங்கிட்டீங்க. இனிமே குடுத்தா பதினொண்ணு போடக் கட்டம் இல்லம்மா," என்றார் ஜோசப் ஆனந்த், வெகு வருத்தமாக.

"அது மானத்துக்குச் சொன்ன பொய் சார்."

"அப்ப மிஷினுக்கு முந்தி நாறிப்போய்க் கெடந்துச்சுன்னு சொன்னத மட்டும் எப்படிம்மா நம்புறது?"

வெயிலில் வந்தவளுக்கு மோர் கொடுத்தார்கள். அதில் மிதந்த ஐஸ் கட்டியை அவளுக்கா அடையாளம் தெரியாது? பக்கத்து அறையில் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. வயிறு எரிய எரிய அந்த மோரைக் குடித்தாள்.

உதவியின்றித் தன் காலில் நிற்கும் முன்மாதிரிச் சங்கம் என்று மேடையேற்றி அவளுக்குச் சால்வை போர்த்தினார்கள். அந்த வாரமே வைத்திக்குப்பத்து மிஷினையும் முந்தைய நிலைக்காக வண்டியில் ஏற்றினார்கள்.

அங்கே அளவுக் கூட்டம் நடந்த அன்று ஜெயம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்களாவது பிழைத்திருப்பார்கள். சொல்வாளா? சால்வையைப் போர்த்திக்கொண்டு முதல் ஆளாய்ப் போய் வாசலில் நின்றாள். அவளைப் பார்த்ததும் அவர்களும் பத்துக்குப் பத்து போட்டார்கள்.