எஞ்சினில் பூத்த உப்பு

"பிறின்சி, இங்கை வந்து பார். எஞ்சின் மூடியிலை உப்புப் பூத்துக் கிடக்கு." லெம்பேட் கூப்பிட்டான்.

"அது எப்பவும் பூத்துத்தானே கிடக்கு அண்ணா? இண்டைக்குத்தான் கண்ணிலை பட்டதோ?" தங்கை சிரித்தாள்.

அன்று பின்னேரம் ஓலைத்தொடுவாயிலிருந்து பொம்பிளையின் தகப்பன் குரூஸ், மாப்பிள்ளை பார்க்க வருகிறார். கடலில் உழைக்கிற பெடியனுக்குத்தான் மகளைக் கொடுப்பாராம். இந்தியாவின் மண்டபம் அகதி முகாமிலிருந்து தலைமன்னாருக்குத் திரும்பி, கடலுக்குப் போன காசிலேயே மோட்டார் சைக்கிள் வாங்கியவன் லெம்பேட். அதைப் பார்த்தாலே அவருக்கு எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பினான். ஆனால் விடியவிடிய மீன்பெட்டி ஏற்றியதில் உப்புநீர் வடிந்து, பூச்சில்லாத அலுமினியமெங்கும் வெள்ளைத் தேமல்.

சவர்க்காரம் காய்ச்சும் கோஸ்ரிக் சோடாவைக் கரைத்துத் தேய்த்தான். தேமல் போனது, மூடி அடுப்புச் சட்டிபோலக் கறுத்தது.

"இப்ப ஒரு தேமலும் தெரியேல்லை."

"பகிடி விடாதை. அரத்தாளை எடு."

அரத்தாளால் உரஞ்ச, அலுமினியம் வெளுத்தது. உரஞ்சிய உலோகத்தில் மறுபடி உப்புக்காற்று படக்கூடாதென்று, வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெயை அள்ளிப் பூசினான். பறந்த மணலெல்லாம் அதில் ஒட்டியது. அயலிலுள்ள பூனைகள் எல்லாம் வந்து எஞ்சினைச் சுற்றிக் குந்தின.

"பொம்பிளை வீட்டாருக்கு முதல் இவையள் வந்திட்டினம். தேத்தண்ணி ஊத்தவோ?"

லெம்பேட் அசரவில்லை. எண்ணெயைப் பெற்றோலால் கழுவி, பொலிஷ் போட்டுத் துடைத்தான்.

"உன்ரை நிறமில்லாத கியூட்டெக்ஸைத் தா."

"அது நகத்துக்குப் பூசிறது!"

"உனக்கு அண்ணி வேணுமோ, நகம் மினுங்கோணுமோ?"

பூச்சுக் காய்ந்தபோது மூடியில் முகம் பார்த்துத் தலை வாரலாம் போலிருந்தது. மீன்பெட்டியைக் கழற்றி வேலிக்குப் பின்னால் ஒளித்தான். மீன் வெடில் போகக் குளித்து, வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்றான்.

குரூஸும் அவருடைய தங்கை திரேசம்மாவும் ஓட்டோவில் வந்திறங்கினார்கள். குரூஸ் மோட்டார் சைக்கிளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காரியம் முடிந்தது, இனிக் கோயிலில் கலியாண ஓலை வாசிக்க வேண்டியதுதான் என்று லெம்பேட் நினைத்தான்.

திரேசம்மா குனிந்து எஞ்சின் மூடியை விரலால் தடவினாள். பிறகு தமையனின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, வாங்கோ போவம். தலைமன்னாரிலை இப்பிடி மினுங்கிற மோட்டச்சைக்கிள் எண்டால், இந்தப் பெடியன் ஒரு நாளும் கடற்கரைப் பக்கம் போகேல்லை."