மாட்டுக்கொட்டகையில் மூக்கு டாக்டர்

உலகத்தில் எல்லா டாக்டரும் பேஷண்டைத்தான் பரிசோதிப்பார்கள். ஓசூர் பக்கத்து மத்திகிரியில் மூக்கு டாக்டர் மட்டும் பேஷண்ட் இழுக்கிற காற்றைத் தானும் இழுத்துப் பார்ப்பார்.

நிஜத்தில் அவர் டாக்டரே இல்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். எந்தக் கொட்டகைக்குள் போனாலும் முதலில் மாட்டுக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துவிடுவார். "மூத்திர நெடி தரையிலதான்பா நிக்கும். நின்னுகிட்டே பாத்தா மாட்டு கஷ்டம் எப்படித் தெரியும்?" என்பார். ஒருதடவை அப்படிப் படுத்திருந்தவர் மேல் ஒரு கிடேரி சாணி போட்டுவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை. "மூச்சு எண்ணிட்டிருக்கேன், இரு" என்றார்.

நான் ருக்மணியக்கா வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அக்காவுக்கு ஒரே பசு, அந்தப் பாலில்தான் குடும்பமே ஓடியது. கொட்டகையில் கொசு விரட்டப் புகைமூட்டம் போட வேப்பிலைக்கு அலைகிறாரே என்று, கம்பெனியில் மெஷின் துடைத்துப் போட்ட எண்ணெய்ப் பஞ்சைப் பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தேன். பெரிய உபகாரி நான். கொசு ஒழிந்தது. நாலே நாளில் பசு கழுத்தை நீட்டிக்கொண்டு இரும ஆரம்பித்தது, பாலும் பாதியானது.

"ஊசி போட்டும் கேக்கல. திங்கக்கிழமை சந்தைக்கு ஓட்டிடறேன்" என்று அக்கா அழுதார். இருமுகிற மாட்டைக் கசாப்புக்குத்தான் வாங்குவார்கள். ஓடிப்போய் மூக்கு டாக்டரைக் கூட்டிவந்தேன்.

படுத்தார், இழுத்தார், அவருக்கே இருமல் பிடித்துக்கொண்டது. சாம்பலைக் கிளறி முகர்ந்தார்.

"ஏம்மா, யாரு அந்தப் புத்திசாலி? ஆயில் பஞ்சைக் கொளுத்தியிருக்கான். மூச்சுக்குழாய் பூரா வெந்து வீங்கிப்போச்சு. சளி கட்டிக்கிட்டு காத்து போக வழியில்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"மூட்டம் வேணாம். வெளிய புங்க மரத்தடியில கட்டு. வைக்கோலத் தண்ணி தெளிச்சுப் போடு, தூசி ஆகாது. பதினஞ்சு நாள் விக்காத."

தினமும் வந்து விலா ஏறி இறங்குவதை வாட்ச் பார்த்து எண்ணினார். நிமிஷத்துக்கு எழுபது, ஐம்பது என்று இறங்கி, பதினாலாம் நாள் முப்பதில் நின்றது. இருமலும் இல்லை. அக்கா பசுவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "சட்டையக் கழட்டு."

"எதுக்கு சார்?"

முதுகில் காதை வைத்தார். "பஞ்சு கொண்டாந்தது நீதான்னு மொத நாளே தெரியும். மாட்டோட சேந்து நீயும் இருமிட்டிருந்த. கம்பெனியில எங்க நிக்கிற?"

"பஃபிங்ல சார். இரும்பைத் தேச்சுப் பளபளப்பாக்கறது. தூளாப் பறக்கும்."

சட்டையை எடுத்துக் கொடுத்தார். "மாட்டை மரத்தடிக்கு மாத்திட்டேன். உன்ன எங்கப்பா கட்டுறது?"

ஓசூருக்கு வந்த ஆறு வருஷத்தில் என் இருமலைக் காது கொடுத்துக் கேட்டவர் அவர் ஒருத்தர்தான்.