கழலாத பேட்டரி வாங்கிய பெருச்சாளி

ஒரு காட்டில், டவர் கிடைக்கிற பக்கமாக வளை தோண்டி, பொன்னுரங்கம் என்ற பெருச்சாளி வாழ்ந்து வந்தது. சிங்கராஜாவின் நெல் கிடங்குக்குக் காவலாளி வேலை காலியாக இருப்பதாக அறிவிப்பு வந்தபோது, முதல் ஆளாக மனுப் போட்டது. பெருச்சாளியை நெல்லுக்குக் காவல் வைக்கலாமா என்று கேட்கிறீர்களா? அரசாங்கம் கேட்கவில்லை. நீங்கள் ஏன் கேட்கிறீர்கள்?

பட்டியலில் பொன்னுரங்கம் பெயர்தான் முதலில் இருந்தது. "மூன்று முறை போன் செய்வோம். மூன்றாவது முறையும் எடுக்காவிட்டால் அடுத்தவருக்கு வேலை" என்று கடிதம் வந்தது.

இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. இரண்டு முறையும் பொன்னுரங்கத்தின் போனில் பேட்டரியே இல்லை. அது மச்சினன் குப்புலிங்கத்தின் போனில் இருந்தது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. குப்புலிங்கத்தின் சொந்த பேட்டரி அதன் தொப்பையைப் போலவே உப்பிப் போய்விட்டதால், மச்சினன் தினமும் காலையில் வந்து நிற்கும்.

"மாமா, பேட்டரியைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க. சாயங்காலம் தந்துடறேன்."

'மாட்டேன்' என்று சொல்லிவிடலாம். ஆனால் பக்கத்தில் மனைவி சௌந்தரி நிற்கும். அதற்குக் கூடப்பிறந்தது இந்த ஒரு தம்பிதான். ஆகவே அந்த ஒரு வார்த்தையைத் தன் வாயால் சொல்ல வக்கில்லாத பொன்னுரங்கம், தனக்காக அதைச் சொல்லக்கூடிய ஒரு போனை வாங்கக் கிளம்பியது.

கடையில் ஓணான் உட்கார்ந்திருந்தது.

"தம்பி, இதுல பேட்டரி கழலுமா?"

ஓணான் தலையாட்டியது.

"ஐயையோ, கழலுமா?"

மறுபடியும் தலையாட்டியது.

"கழலாதுதானே?"

அதற்கும் ஆட்டியது. "அண்ணே, நம்ம தலை பொறந்ததுலேர்ந்து இப்படித்தான். வாயை மட்டும் கவனிங்க. கழலாது. பேட்டரி போச்சுன்னா போனே போச்சு. இதைச் சொன்னதும் எல்லாரும் எழுந்து போயிடறாங்க. நீங்க என்னண்ணே, கண்ணு கலங்குறீங்க?"

பொன்னுரங்கம் நகத்தால் நெம்பிப் பார்த்தது. பல்லால் கடித்துப் பார்த்தது. அசையவில்லை. பேட்டரியோடு பழைய போனையும், சேர்த்து வைத்திருந்த கடலை மூட்டை முழுவதையும் ஓணானிடம் கொடுத்துவிட்டு, பழைய சிம்மைப் புது போனில் போட்டுக்கொண்டு, வீடு வரை குதித்துக்கொண்டே வந்தது.

மறுநாள்தான் மூன்றாவது அழைப்பு. காலையில் குப்புலிங்கம் வந்தது.

"மாமா, பேட்டரி..."

"கழலாது மாப்ளே!" என்றது பொன்னுரங்கம், நெஞ்சை நிமிர்த்தி. வாழ்க்கையில் முதல் முறையாக அதன் மீசை நேராக நின்றது.

குப்புலிங்கம் போனை வாங்கித் திருப்பிப் பார்த்தது. தட்டிப் பார்த்தது. அதன் முகத்தில் உண்மையான பரிதாபம்.

"அடப்பாவமே, நல்லா ஏமாத்திட்டாங்களே மாமா உங்கள! சரி விடுங்க, வாங்கினது வாங்கிட்டீங்க. முழுசாவே எடுத்துட்டுப் போறேன்."

பொன்னுரங்கம் வாயைத் திறந்தது.

"இல்ல மாப்ளே, இன்னிக்குக் கிடங்குலேர்ந்து எனக்கு போன் வரும்..."

"வந்தா நான் எடுத்துப் பேச மாட்டேனா? நான் என்ன அந்நியனா?"

உள்ளிருந்து சௌந்தரி குரல் கொடுத்தது: "குடுத்துட்டு சாப்பிட வாங்களேன்! அவன் என்ன கழட்டியா கேக்குறான்?"

குப்புலிங்கம் அன்று சாயங்காலம் வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. பொன்னுரங்கம் கிடங்கு ஆபீசுக்கு ஓடியது. அங்கே குமாஸ்தா எருமை நிதானமாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, நான் பொன்னுரங்கம். காவலாளி வேலை..."

"பொன்னுரங்கம் நேத்தே வந்து சேர்ந்தாச்சே. முதல் ரிங்லயே எடுத்தாரு. தங்கமான மனுஷன்."

"ஐயா, அது என் மச்சினன்! நான்தான் அசல் பொன்னுரங்கம்!"

எருமை ஒரு வாய் வைக்கோலை முழுசாக மென்று விழுங்கியது. "சந்தேகம்னா சரிபார்த்துடுவோம். அரசாங்கம்னா முறைன்னு ஒண்ணு இருக்கு. மனுவுல குடுத்த நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியிருக்கேன். சொல்லுங்க பார்ப்போம்."

பொன்னுரங்கம் வெறுங்கையைப் பார்த்தது.

கிடங்குக்குள்ளே 'டிங்' என்று ஒரு சத்தம். வாய் நிறைய நெல்லோடு ஒரு குரல் கேட்டது: "சார், எனக்கு ஏதோ நம்பர் வந்திருக்கு. ஏழு, மூணு, ரெண்டு, ஒம்போது..."

"சரியா இருக்கு," என்றது எருமை. "அவருதான் பொன்னுரங்கம். நீங்க யாரு?"

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சௌந்தரி மூக்கைச் சிந்தியது. ஆனந்தத்தில்தான்.

"போகட்டும் விடுங்க. உங்க பேருல ஒருத்தனாவது உருப்பட்டானே!"

நீதி: பேட்டரி கழலுமா கழலாதா என்பதெல்லாம் போனைக் காசு கொடுத்து வாங்குகிறவன் கவலை. இரவல் வாங்குகிறவனுக்கு எல்லாப் போனும் நல்ல போன்தான்.