சொதியில் விழுந்த காந்தாரி

மாப்பிள்ளைக்கு மரியாதை கொடுக்கவே கூடாது. கொடுத்துக் கெட்டது ஒரு குடும்பம்; வாங்கிக் கெட்டவன் நான். இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்போது சென்னையில், வீட்டுப் பால்கனியில் குண்டு மிளகாய், குடமிளகாய், ஊசி மாதிரி இருக்கும் காந்தாரி மிளகாய் எல்லாம் வளர்த்துக்கொண்டிருந்தேன். (வளர்த்ததைவிட அதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.) என் கல்யாணத்துக்கு ஊருக்குப் புறப்பட்டபோது காந்தாரியைப் பறித்து, ஈரம் போக நிழலில் உலர்த்தி, காம்பு கிள்ளி, துணியில் சுற்றி டப்பாவில் அடைத்து எடுத்துப் போனேன். அதில் ஒன்றையாவது கடித்துப் பார்த்தேனா? இல்லை, முட்டாள்!

கல்யாணத்துக்கு மறுநாள் பாளையங்கோட்டையில் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. எங்கள் பக்கம் மறுவீடு என்றால் சொதிதான். தேங்காய்ப்பாலில் காய்கறியும் பாசிப்பருப்பும் வெந்து, பச்சை மிளகாய் இருக்கிற இடமே தெரியாத இதமான குழம்பு. என் மாமியார் வைக்கும் சொதிக்குச் சொந்தபந்தத்தில் தனிப் பெயர் உண்டு.

புது மாப்பிள்ளை அடுக்களைக்குள் நுழையலாமா? நுழைந்தேன். கூடையில் கிடந்த பச்சை மிளகாயைக் கிளறி, "காம்பு கருத்திருக்கு, தோல் சுருங்கியிருக்கு. பழசு அத்தை. இதைப் போடுங்க" என்று டப்பாவை நீட்டினேன்.

"காந்தாரியா மாப்ளே? ரெண்டு மூணு போட்டாப் போதும்லா?"

"முழுசையும் அரைச்சு ஊத்துங்க. தேங்காய்ப்பால் காரத்தைக் குடிச்சிரும்."

"மாப்ள சொன்னா சரிதான்" என்றார். அரைத்தும் விட்டார்! போங்க மாப்ளே, உங்களுக்கு ஒரு மண்ணும் தெரியல என்று என்னைத் துரத்தியிருக்க வேண்டாமா?

பந்தியில் முதல் கவளம் உள்ளே போனதும் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. எதிரே மாமனாரின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"சொதி எப்படி இருக்கு மாமா?"

"பிரமாதம் மாப்ளே" என்று விக்கினார்.

பெண் வீட்டார் வரிசையாக மூக்கை உறிஞ்சிக்கொண்டு பிரமாதம் என்கிறார்கள். (மனுஷங்களா இவங்க?) ஒருத்தர், ஒரே ஒருத்தர் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லோரும் தயிரை ஊற்றித் தப்பித்திருப்போமே!

வாயைத் திறந்தது என் பெரியப்பா. அதுவும் ஆளை மாற்றித் திறந்தார். இலையை விட்டு எழுந்து மாமியாரைப் பார்த்து, "சம்பந்தகாரங்களைக் கூப்பிட்டு வச்சு இப்படியா அவமானப்படுத்துதிய? இதை மனுசன் திம்பானா?" என்று கத்தினார்.

மாமியாரின் முகம் சுருங்கிப்போயிற்று. இத்தனை வருஷம் எடுத்த பெயர் ஒரே பந்தியில் போகிறது. அப்போதும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "மன்னிச்சிருங்க அண்ணாச்சி, கை தவறிட்டு" என்றார். நான் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். (பேசுவதற்கு நாக்கு இருந்தால்தானே!)

அதுவரை சபையில் வாயே திறக்காத என் புது மனைவி எழுந்தாள். "எங்கம்மாவுக்கு ஒண்ணும் கை தவறல மாமா. உங்க பையன் கொண்டாந்த மிளகா. அவங்க சொல்லித்தான் அம்மா போட்டாங்க."

பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீ கல்யாணம் பண்ண வந்தியா, எங்களைக் கட்டையில ஏத்த வந்தியா?"

அன்றிலிருந்து அந்த வீட்டில் காரம் என்ற சொல்லே கிடையாது. ரசம் உறைத்தால், "இதுல மாப்ள கூடிப்போச்சு." சப்பென்று இருந்தால், "மாப்ள பத்தல."

போன வாரம் மாமியார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். நான் வைத்த புளிக்குழம்பை ஒரு வாய் வைத்ததும் என் மகள் அலறினாள்: "ஆச்சி, இதுல மாப்ள ஜாஸ்தி!"

மாமியார் என்னை ஒரு பார்வை பார்த்தார். "இல்ல தாயி, அளவாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணீர் வழிய வழிய, தட்டில் இருந்தது முழுவதையும் சாப்பிட்டு முடித்தார்.