கடிகாரம் எரித்த அறுநூற்று நாற்பது

அன்புள்ள மாப்பிள்ளை சபரீஷ் அவர்களுக்கு,

சரவணம்பட்டியிலிருந்து மாமனார் மோகன்குமார் எழுதுவது. நீங்களும் வர்ஷினியும் பெங்களூரில் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உங்கள் அத்தை வரலட்சுமியும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடை மெஷின் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

போனில் சொன்னால் வர்ஷினி பிடுங்கித் திட்டுவாள், அதனால்தான் கடிதம். இரண்டு மாதத்தில் ஆறு கிலோ குறைத்தால் முழங்காலுக்கு ஆபரேஷன் வேண்டாம், பங்குனியில் வள்ளி கும்மி அரங்கேற்றத்தில் மனைவியோடு சேர்ந்து ஆடலாம் என்று டாக்டர் சொன்னதும் நீங்கள் அந்தக் கடிகாரத்தை வாங்கிக் கொடுத்தீர்கள். எரித்த கலோரி அதில் தெரியும், அதற்கு மேல் சாப்பிடாதீர்கள் என்றீர்கள். அத்தை அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாள். நானும் மறுக்கவில்லை. பம்ப்செட் கம்பெனியில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் பார்த்து மோட்டாரைப் பாஸ் பண்ணியவன், முள் காட்டியதை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

முதல் நாள் ஜிம்மில் ட்ரெட்மில்லில் அரை மணி நேரம் நடந்தேன். ட்ரெட்மில் முந்நூற்றுப் பத்து என்றது, கடிகாரம் நூற்றெண்பது என்றது. "மாப்பிள்ளை வாங்கிக் குடுத்ததுதானுங்க நெசம்" என்று அத்தை என் தட்டிலிருந்து ஒரு தோசையைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் அரை வயிற்றோடு அவளுடைய கும்மிப் பயிற்சிக்குத் துணைக்குப் போய், மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பாட்டுக்குக் கை மட்டும் தட்டினேன். பாலக்காட்டுக் காற்று வந்தது, தட்டத் தட்டக் கண் தானாக மூடிக்கொண்டது, மாப்பிள்ளை, சொன்னால் சிரிக்கக் கூடாது, கண்ணுக்குள் நான் ஆடிக்கொண்டிருந்தேன். முழங்கால் இருப்பதே தெரியவில்லை. வரலட்சுமி கல்யாணமான புதிதில் இருந்த மாதிரி பக்கத்தில் சுற்றி வருகிறாள், வட்டம் மெல்ல மெல்ல மேலே எழும்புகிறது, தென்னந்தோப்புகளெல்லாம் காலுக்குக் கீழே போகின்றன, வெள்ளியங்கிரி மலை கைக்கெட்டும் தூரத்தில் நீலமாக நிற்கிறது, நாங்கள் இன்னும் ஆடிக்கொண்டே இருக்கிறோம். பாட்டு நின்றதும் கண்ணைத் திறந்தால் கடிகாரத்தில் அறுநூற்று நாற்பது! கை தட்டியதையெல்லாம் ஆட்டமென்று எண்ணிக்கொண்டு அதுவும் என்னோடு சேர்ந்து கனவு கண்டிருக்கிறது.

அத்தையிடம் காட்டினேன். "அடேங்கப்பா! சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றாள். அன்றைக்குச் சந்தவையும் தேங்காய்ப்பாலும். மறுநாள் அரிசிம்பருப்புச் சாதத்தில் குழி வெட்டி நெய். இப்படியே இரண்டு மாதமும் தினமும் கண்ணை மூடி ஆடினேன், கண்ணைத் திறந்து சாப்பிட்டேன். நேற்று யாருக்கும் தெரியாமல் எடை மெஷினில் ஏறினால், ஆறு குறைய வேண்டிய இடத்தில் நான்கு ஏறியிருக்கிறது. வெள்ளிக்கிழமை டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்குக்கூட நான் பயப்படவில்லை. அரங்கேற்றத்தில் அவள் பக்கத்தில் எனக்கென்று விட்டு வைத்திருக்கும் இடத்தில் வேறு யாரோ நிற்பார்களே, அதுதான் தாங்கவில்லை.

கடிகாரத்தை நாளைக்கே கூரியரில் திருப்பி அனுப்புகிறேன். இனி எனக்கு இரண்டு இட்லி போதும். எடை ஏறியதை அத்தையிடம் நீங்கள்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் இருவருக்கும் மருதமலை முருகன் நல்ல பசியையும் அதைத் தாங்குகிற உடம்பையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
மோகன்குமார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் அத்தை இதை எடுத்துப் படித்துவிட்டாள். திட்டுவாள் என்று நின்றேன். நேராகப் போய் எடை மெஷினில் ஏறிக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். இரண்டு மாதம் நிஜமாகவே ஆடியவளுக்கு ஐந்து கிலோ ஏறியிருக்கிறது! "ஏனுங்க, உக்காந்து கை தட்டுன உங்களுக்கே அறுநூறுன்னா, ஆடுன எனக்கு ஆயிரத்து எரநூறு இருக்காதுங்களா? அந்தக் கணக்குலதானுங்க நானும் சாப்புட்டுப்போட்டேன்" என்று சொல்லி, சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்கு இரண்டு பேருக்கும் டோக்கன் போட்டாயிற்று. "எனக்கும் ஆட்டம் கூடாதுன்னு டாக்டர் சொல்லிப்போட்டா, அரங்கேத்தத்துக்கு உங்க பக்கத்துலயே எனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க, சேந்து கை தட்டலாம்" என்கிறாள். ஆகவே கடிகாரத்தை அனுப்பவில்லை. அத்தை கைக்கும் ஒன்று வாங்கி அனுப்பவும்.