மறந்துவிடக்கூடிய செடிகளும் மறக்காத உன் அத்தானும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். உன் அத்தான் அதைவிடச் சுகம். சுகமில்லாமல் கிடப்பது நீ வாங்கச் சொன்ன செடிகள்தான்.

உன்னைக் குறை சொல்லவில்லை. நான்தானே யோசனை கேட்டேன்? குடிநீர் நிலையத்தில் பம்பு ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர் காலையிலிருந்து என் சமையலறையிலேயே நிற்கிறார், நன்றாக இருக்கும் குழாயைக் கழற்றி வாஷர் மாற்றுகிறார், டப்பாக்களையெல்லாம் உயர வரிசைப்படி அடுக்கிவைத்து என்னை உப்புக்கு அலைய விடுகிறார், இவரை வெளியே அனுப்ப ஒரு வழி சொல் என்று எழுதினேன். உடனே நீ போனைப் போட்டு, "பின்பக்கம் இடம் சும்மாதானே கெடக்கு, பூச்செடி வைங்கக்கா. புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்குன்னே செடி இருக்கு. ஒரு தடவை நட்டா வருஷக்கணக்கா பூக்கும். நட்டுட்டு மறந்துடலாம்" என்றாய். அங்கேதான் தப்பு நடந்தது. மறந்துவிடலாம் என்கிற செடியை, எதையுமே மறக்காத மனிதரிடம் ஒப்படைத்துவிட்டோம்.

நர்சரிக்காரம்மா நல்ல மாதிரி. நித்தியகல்யாணி, காகிதப்பூ, அந்திமந்தாரை என்று எடுத்து வைத்து, "இதுங்களுக்கு வெயில் போதும் சார். மண்ணு காஞ்சா தண்ணி விடுங்க, இல்லாட்டி கிட்டயே போகாதீங்க" என்றாள். உன் அத்தான் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலைக் கல்யாணமான நாள் முதல் பார்த்து வருகிறேன். காதில் விழவில்லை என்று அதற்கு அர்த்தம்.

நட்ட மறுநாள் முதல் விடிந்ததும் தண்ணீர், காப்பி குடித்ததும் தண்ணீர், குளித்துத் துண்டோடு வந்து ஒரு தண்ணீர். நித்தியகல்யாணி இலை மஞ்சளாகித் தலையைத் தொங்கப்போட்டது. பாவம், தாகம் என்று இன்னும் ஊற்றினார். காகிதப்பூ குடித்த தண்ணீருக்கெல்லாம் இலை இலையாய்த் தழைத்ததே தவிர, மருந்துக்கும் ஒரு பூ இல்லை. அந்திமந்தாரை பூப்பது சாயங்காலம். அந்த நேரம் பார்த்து இவர் பழைய கூட்டாளிகளோடு நடக்கப் போய்விடுவார். காலையில் சுருங்கிக் கிடக்கும் பூவைப் பார்த்து, "யாரோ வேணும்னே கசக்கிட்டுப் போறான்" என்று மாடி வீட்டுக்காரர் காதில் விழும்படி சொல்வார். அந்த நல்ல மனுஷர் இப்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் படி இறங்குகிறார்.

"என்னங்க, போதும். கால் வெச்சா சேறு பொதபொதன்னு போகுது" என்றேன்.

"ஒரு உயிர் தவிச்சு நிக்குது, நான் பாத்துட்டு நிக்கணுமா? ஊருக்கே தண்ணி விட்ட கை இது!"

ஒரு தெருவில் குழாய் வறண்டது என்றால் சாப்பிட்ட கையைக்கூடக் கழுவாமல் பம்பு அறைக்கு ஓடிய ஆள். நான் உள்ளே போய் அடுப்பைக் கவனித்தேன்.

கடைசியில் நித்தியகல்யாணியை வேரோடு பெயர்த்து வாளியில் வைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவதுபோல நர்சரிக்கு நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். நர்சரிக்காரம்மா வேரை மோந்து பார்த்தாள். "இதுக்கு ஒரு நோயும் இல்ல சார். நீங்கதான்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் போய்விட்டது. வீட்டுக்கு வந்து ரப்பர் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, சமையலறை முக்காலியில் வந்து உட்கார்ந்தார். எதையும் தொடவில்லை. "என்ன செடி இது? நான் இல்லாட்டித்தான் நல்லா இருக்குமாம்" என்றார். தம்பி, டப்பாவைக் கலைத்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

அதனால்தான் எழுதுகிறேன். சுலபமான செடியே இனி வேண்டாம். தினமும் புழு பொறுக்க வேண்டும், வெயில் ஏறினால் நிழல் கட்ட வேண்டும், அரை நாள் கவனிக்காவிட்டால் முறுக்கிக்கொள்ள வேண்டும். ரோஜாவோ வேறெதுவோ, நீ வரும்போது கொண்டு வா. சின்ன வயதில் நீ இருந்தாயே, அந்த மாதிரி ஒன்று.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பு. பிள்ளைகளுக்கு ஆசி. உன் தோட்டம் தழைக்கட்டும், உன் யோசனைகள் மட்டும் கொஞ்ச நாள் காயட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: ரோஜா வேண்டாம். இதைத் தபாலில் போடக் கிளம்பியபோது நர்சரிக்காரம்மா வாசலில் வந்து நின்றாள். "சாரைக் கொஞ்சம் அனுப்புங்கம்மா, மோட்டார் தண்ணி ஏத்த மாட்டேங்குது" என்றாள். சட்டைப் பொத்தானைத் தெருவில்தான் போட்டார் உன் அத்தான். போனவர் மோட்டாரைச் சரிசெய்ததோடு நிற்கவில்லை. இப்போது தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் வரை அங்கே தண்ணீர் திறந்து மூடுவது அவர்தான். செடிப் பக்கம் மட்டும் அவள் விடுவதில்லையாம். அதனால் கடிதத்தையும் சில நாள் அப்படியே வைத்துவிட்டேன். இத்தனை நாள் கேட்ட நிம்மதி கிடைத்துவிட்டது, வீட்டில் ஈ பறந்தாலும் கேட்கிறது. பகலில் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் நர்சரிக்குப் போய் ஒரு செடி வாங்க வேண்டியிருக்கிறது. நேற்று ஒன்று வாங்கினேன். இன்றைக்கும் ஒன்று. என்ன செடி என்று நான் கேட்கக்கூட இல்லை.