சப்பாத்தைக் கழற்றிவிட்டு மாப்பிள்ளை பார்த்தது

பலேர்மோ,
26.08.1996

பெருமதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கே நாங்கள் கடவுள் கிருபையாலும் என் சாமர்த்தியத்தாலும் சுகம். அங்கே என் சாமர்த்தியம் இல்லாவிட்டாலும் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்கப் பிள்ளையாரை மன்றாடுகிறேன்.

இரண்டு சம்பந்தம் தட்டிப்போன உங்கள் மகள் நிரோசினிக்கு இப்போது பேசியிருக்கிற நகுலேஸ்வரன் எப்படிப்பட்ட பெடியன் என்று விசாரித்து எழுதச் சொன்னீர்கள். அவன் இங்கே வேலை செய்கிற ஹோட்டலில் கேட்டால் நல்லவன் என்றுதான் சொல்வார்கள். குணம் தெரிய வேண்டுமென்றால் ஆளை வெயிலில் போட்டு எடுக்க வேண்டும். எட்டாம் வகுப்பை இரண்டு தரம் படித்தவன் நான், எனக்கு இது தெரியாதா? போன ஞாயிறு இரண்டு மணி நேரம் பஸ்ஸில் கூட்டிப்போய், இரு பக்கமும் வானம் முட்டும் பாறை, நடுவில் தண்ணீர் வற்றிய ஆறு, அப்படியொரு பாலைவனப் பள்ளத்தாக்கில் அவனை நடத்தினேன். ஒட்டகம் மட்டும்தான் இல்லை. ஞாயிறு என்றபடியால் அதற்கும் லீவாக இருக்கும். சில குறைகள் பெண்பிள்ளையின் கண்ணுக்குத்தான் பிடிபடும் என்று, எங்கள் மேல்மாடி இராசாத்தியையும் உளவுக்குக் கூட்டிப்போனேன்.

மலை என்றால் நமக்கு, மேலே கோயில் இருக்கிற சாந்தா ரொசாலியா மலைதானே. சைவக்காரரோ வேதக்காரரோ, இங்கே நம் சனம் ஞாயிறுகளில் வெறுங்காலுடன் ஏறிக் கும்பிட்டுவிட்டு அதே வழியால் இறங்கும். அந்தப் பழக்கத்தில் பள்ளத்தாக்கு வாசலில், "சப்பாத்தைக் கழற்றுங்கோ" என்று உத்தரவு போட்டேன். "மாமா, இஞ்சை கோயில் ஒண்டும் இல்லையே" என்றான் பெடியன். "மலை எண்டால் மலைதான் தம்பி." உடனே குனிந்து கழற்றினான். அடக்கம்: நூற்றுக்கு நூறு. மூன்று சோடியையும் ஒரு புதருக்கடியில் வரிசையாக வைத்துவிட்டு நடந்தோம். ஒரு மணி நேரம் கழித்து இரண்டு ஆள் உயரப் பாறையொன்றில் குந்தியபடி சறுக்கினோம். நான் சறுக்கிய வேகத்தில் ஒரு கழுகு ஒதுங்கி வழிவிட்டது. அங்கே சப்பாத்துப் போட்ட இத்தாலியப் புருசன் பெண்சாதி எங்கள் காலைப் பார்த்தார்கள். நேர்த்திக்கடனோ என்று அந்த மனுசி கேட்க, நான் தலையாட்ட, அவ சிலுவை போட்டுக்கொண்டா. புருசன்தான் விசயத்தைச் சொன்னான்: இந்தப் பாதை திரும்பி வராது, இன்னும் ஆறு கிலோமீற்றர் போய் வேறு றோட்டில் முடியும், பஸ்ஸும் அங்கேதான். சறுக்கிய பாறையில் ஏற முடியாது. சப்பாத்து மேலே, நாங்கள் கீழே.

"அங்கிள், இது உங்களுக்கு முதலே தெரியாதோ?" என்றாள் இராசாத்தி.

"தெரிஞ்சுதான் செய்தனான். இது சோதனை."

கல் தோசைக்கல்லாகக் கொதித்தது. பெடியனின் தோள்பலத்தைச் சோதிக்க அவன் முதுகில் ஏறிக்கொண்டேன். என் எண்பத்தாறு கிலோவையும் ஒரு கட்டை தூரம், ஒரு மைல் வரும், சுமந்தான். நூற்றுக்கு நூறு. இறக்கியபோது பாதம் முழுக்கக் கொப்புளம். இராசாத்தி தன் சால்வையைக் கிழித்து அவன் காலைக் கட்ட, அவன் தன் சேட்டுக் கையைக் கிழித்து அவள் காலைக் கட்டினான். அந்த நேரம்தான் என் பொக்கற்றில் காலுறை இருந்தது ஞாபகம் வந்தது. "நீங்கள் ரெண்டு பேரும் ஆறுதலா வாங்கோ" என்று விட்டுவிட்டு முன்னால் நடந்தேன். மூன்று மணி நேரம் ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவு நம்பிக்கை. பின்னால் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே வந்தது. கால் பிய்ந்தும் சிரிக்கிறான்! பொறுமை: நூற்றுக்கு நூற்றைம்பது.

ஆகவே அத்தான், கண்ணை மூடிக்கொண்டு நாள் வையுங்கள். நிரோசினி பாஸ்போட்டுக்கு எழுதட்டும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைக்குத் தீர்க்காயுளும் இத்தாலியும் கிடைக்க ஆசி.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்,
அம்பலவாணர்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போக, நகுலேஸ்வரன் நொண்டிக்கொண்டு வந்தான். "மாமா, கலியாணத்துக்கு எனக்குச் சம்மதம்." எழும்பிக் கட்டிப்பிடித்தேன். "இவவுக்கும் சம்மதமாம்" என்றான். பின்னால் இராசாத்தி, அவளும் நொண்டிக்கொண்டு. "நல்லா விசாரிச்சுப் பாத்தனான் அங்கிள், ஒரு குறையும் இல்லை." நானே போட்ட புள்ளியை நானே எப்படி வெட்டுவது? கார்த்திகையில் பதிவு, சாட்சிக் கையெழுத்து என்னுடையது. நிரோசினிக்கு நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் பெடியன் கூடாதவன் என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். என் விசாரணைக்கு இழுக்கு.